பினேயின் அளவுகோல்

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியை முதன்முதலாகக் கையில் எடுக்கும் மாணவர் பலர் ஒரே தவறைச் செய்வார்கள். மெல்லிய செம்புக் கம்பியை அதன் இரு முகங்களுக்கிடையே வைத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், பலங்கொண்ட மட்டும் திருகிவிடுவார்கள். கம்பி நசுங்கிவிடும். பிறகு நசுங்கிய கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை துல்லியமாகக் குறித்துக்கொண்டு வந்து, "சரிதானா, சார்?" என்று கேட்பார்கள். கருவியில் குறையில்லை, கணக்கிலும் பிழையில்லை. ஆனால் அவர்கள் அளந்தது கம்பியை அன்று, தம் கைவலுவை.

சென்ற ஆண்டு என் அக்கா ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டியபோது எனக்கு இந்தக் கம்பிதான் நினைவுக்கு வந்தது. அவளுடைய மகன் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். வாயால் கேட்டால் பதில் சொல்வான். எழுதச் சொன்னால் தடுமாறுவான். ஒரு பத்தியைப் படிக்க மற்றவர்களைப்போல் மூன்று மடங்கு நேரம் எடுத்துக்கொள்வான். பள்ளியில் சொன்னதன்பேரில் அவனை அழைத்துச் சென்று ஓர் உளவியல் சோதனை செய்துகொண்டு வந்திருந்தார்கள். அறிக்கையின் முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, 74 என்று எழுதியிருந்தது.

"தம்பி, நீதான் விஞ்ஞானமெல்லாம் படிச்சவன். இந்த 74-ன்னா என்னன்னு சொல்லு. 74 இருக்கிற பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்துல சரிப்படாதுன்னு சொல்லிட்டாங்கடா."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 74 சென்டிமீட்டர் என்றால் சொல்வேன். 74 ஓம் என்றாலும் சொல்வேன். அலகு இல்லாத இந்த 74 எதை அளக்கிறது? யார் இதைச் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள்? தேடிப் படித்ததில் நான் தெரிந்துகொண்ட கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இது நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரத்தில் தொடங்குகிறது.

பிரெஞ்சு நாட்டில் 1881-லும் 1882-லும் இரு சட்டங்கள் நிறைவேறின. முதலாவது தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. இரண்டாவது 6 முதல் 13 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. ஒரு விஷயத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதற்கு முன்பு, பாடம் ஏறாத குழந்தை பள்ளியைவிட்டு மெல்ல நழுவி வயலுக்கோ பட்டறைக்கோ போய்விடும். அதை எவரும் ஒரு பிரச்சினையாகக் கருதவில்லை. எல்லாரும் வகுப்பில் உட்கார வேண்டும் என்று சட்டம் வந்த பிறகுதான், உட்கார்ந்தும் பின்தங்கி நிற்கும் குழந்தை ஆசிரியரின் கண்ணில் பட்டது. ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் ஒரே அறையில் 60 பேர், 80 பேர் கூட இருந்தார்கள். ஆசிரியர் பின்தங்கியவனுக்காகக் காத்து நிற்பது எப்படி?

இக்குழந்தைகளை என்ன செய்வது என்று ஆராய 1904-ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கல்வி அமைச்சு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் லேயோன் பூர்ஷ்வா. பிற்காலத்தில், 1920-இல், சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அக்காலத்து மனநோய் மருத்துவர்கள் சிலர் இக்குழந்தைகளை விடுதிகளோடு கூடிய தனி நிலையங்களுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். வேறு சிலரோ, இவர்கள் பள்ளியிலேயே இருக்கட்டும், அங்கேயே அவர்களுக்கென்று ஒரு வகுப்பு வைக்கலாம் என்றார்கள். குழு ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தது: கல்வி முறையிலும் மருத்துவ முறையிலும் பரிசோதிக்காமல் எந்தக் குழந்தையையும் சாதாரண வகுப்பிலிருந்து எடுத்துத் தனி வகுப்பில் போடக் கூடாது. நல்ல முடிவுதான். ஆனால் பரிசோதிப்பது எப்படி என்று எவருக்கும் தெரியாது. அதற்கு வழி காணும் வேலையை அக்குழுவின் உறுப்பினர் ஒருவர் தாமே எடுத்துக்கொண்டார். அவர்தாம் ஆல்ஃப்ரட் பினே.

இந்தப் பினேயைப் பற்றி, இயற்பியல் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தனிப்பற்று உண்டானதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1857-இல் பிறந்த இவர் முதலில் சட்டம் படித்தார். பிறகு அதைக் கைவிட்டு நூலகத்தில் உட்கார்ந்து தாமாகவே உளவியல் கற்றார். சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற புகழ்பெற்ற மருத்துவரிடம் சேர்ந்து அறிதுயில் பற்றி ஆராய்ந்தார். அங்கே பினேயும் அவருடைய நண்பர் ஃபெரேயும் ஒரு விந்தையான 'கண்டுபிடிப்பை' வெளியிட்டார்கள். அறிதுயிலில் இருப்பவரின் உடலருகே காந்தத்தைக் கொண்டுபோனால், வலப்பக்கத்து மரமரப்பு இடப்பக்கத்துக்கு மாறிவிடுகிறதாம்! பெல்ஜிய நாட்டு அறிஞர் தெல்பெஃப் இதை நம்பவில்லை. சோதனை செய்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதை நோயாளி குறிப்பால் அறிந்துகொண்டு அவ்வாறே நடக்கிறார். காந்தத்துக்கு இதில் வேலையே இல்லை என்று அவர் காட்டினார். பினே முதலில் வாதாடினார். பின்னர் தம் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சோதிப்பவன் தன் எண்ணத்தைச் சோதனைப் பொருளின்மீது ஏற்றிவிடக்கூடும் என்ற பாடத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் மண்டையை அளந்து அறிவைக் கணிக்கும் அக்காலத்து முறையையும் அவர் முயன்று பார்த்தார். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் மந்தமான பிள்ளைகளுக்கும் கிடைத்த வேறுபாடு அற்பமாக இருந்தது. போதாக்குறைக்கு, தாம் எதிர்பார்த்த பக்கமே தம் அளவுகள் சாய்வதையும் கண்டார். அந்த வழியை விட்டுவிட்டார்.

வீட்டிலே அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள், மதலேன், ஆலிஸ் என்று. ஒரே வீட்டில் வளர்ந்த இருவரும் சிந்திக்கும் முறையில் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் பொறுமையாகக் கவனித்து 1903-இல் ஒரு நூலே எழுதினார். ஆகவே 1904-இல் அரசாங்கத்தின் கேள்வி வந்தபோது, அதற்குப் பொருத்தமான ஆள் அவர்தாம் என்று சொல்ல வேண்டும்.

தியோடோர் சிமோன் என்ற இளம் மருத்துவர் அவருக்குத் துணையாக வந்தார். இருவரும் முதலில் ஒரு வேலை செய்தார்கள்: ஒரே குழந்தைக்கு, சில நாள் இடைவெளியில், வெவ்வேறு மருத்துவமனைகள் கொடுத்த சான்றிதழ்களை ஒப்பிட்டார்கள். ஓரிடத்தில் ஒரு பெயர், இன்னோரிடத்தில் வேறு பெயர்! ஒரே பொருளை இரண்டு தராசுகளில் நிறுத்து, இரண்டு எடைகள் வந்தால் நாம் என்ன செய்வோம்? பொதுவான எடைக்கல் ஒன்று வேண்டும் என்போம். பினேயும் அதைத்தான் செய்தார்.

1905-இல் வெளிவந்த அவர்களது முதல் அளவுகோலில் 30 சோதனைகள் இருந்தன. எளியதிலிருந்து கடினமானதற்கு ஏறும் படிகள் அவை. எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வது முதற்படி. சாக்லேட்டையும் அதே அளவுள்ள மரத்துண்டையும் காட்டினால் தின்பண்டத்தைத் தேர்ந்தெடுப்பது, மூன்று எண்களைத் திருப்பிச் சொல்வது, இரண்டு கோடுகளில் நீளமானதைக் காட்டுவது என்று தொடரும். ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு கேள்வி. ஒரே நிறமும் ஒரே பருமனும் கொண்ட ஐந்து சிறு பெட்டிகள், 3, 6, 9, 12, 15 கிராம் எடையில். அவற்றைக் கையால் தூக்கிப் பார்த்து வரிசைப்படுத்த வேண்டும் என்று ஒரு சோதனை. (இதை என் மாணவர்களிடம் செய்து பார்த்தேன். எண்ணுவதுபோல் அவ்வளவு எளிதன்று.) படிக்கவோ எழுதவோ தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. பள்ளிப்பாடம் ஏறாத குழந்தையைப் பள்ளிப்பாடத்தைக் கொண்டே அளக்கக் கூடாது என்பதில் பினே குறியாக இருந்தார்.

1908-இல் அளவுகோல் திருத்தம் பெற்றது. சோதனைகளை 3 வயது முதல் 13 வயது வரை பிரித்து அடுக்கினார்கள். மூக்கு, கண், வாய் எங்கே என்று காட்டுவது மூன்று வயதுக் குழந்தையின் சோதனை. சதுரத்தைப் பார்த்து வரைவது ஐந்து வயதுக்கு. கொடுத்த காசுக்குச் சரியாகப் பாக்கி திருப்பித் தருவது ஒன்பது வயதுக்கு. அந்தந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் செய்யக்கூடியது எதுவோ அதுவே அவ்வயதின் படி. பத்து வயதுப் பையன் எட்டு வயதுப் படியைத் தாண்ட முடியாமல் நின்றால், அவனை அருகில் அழைத்துக் கவனிக்க வேண்டும் என்று பொருள். அளவுகோல் சொல்வது அவ்வளவுதான். ஏன் நின்றான் என்று அது சொல்லாது. நோயா, பசியா, காது கேட்கவில்லையா, வீட்டில் வேறு மொழி பேசுகிறார்களா என்பதெல்லாம் மனிதர்கள் விசாரித்து அறிய வேண்டியவை.

பினேயே தம் கருவியின் வரம்பைத் தெளிவாகச் சொன்னார். நீளத்தை அளப்பதுபோல் அறிவை அளக்க முடியாது என்றார். இதை நாம் இப்படி விளங்கிக்கொள்ளலாம். ஐந்து சென்டிமீட்டர்க் குச்சிகள் இரண்டை ஒட்டினால் பத்து சென்டிமீட்டர் ஆகும். ஐந்து வயதுக் குழந்தைகள் இருவரைச் சேர்த்து உட்கார வைத்தால் பத்து வயது அறிவு வந்துவிடுமா? வராது. ஆகவே இது அடிக்கோல் அன்று. வரிசைப்படுத்த உதவும் ஒரு வசதி மட்டுமே. தொல்லை கொடுக்கும் பிள்ளைகளைக் கழித்துக்கட்ட ஆசிரியர்கள் இதை ஒரு சாக்காகக் கொள்ளக்கூடும் என்றும் அவர் எச்சரித்தார். எச்சரிக்கை வீண்போனதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்களை பாரிஸில் கிரான்ஷ்-ஓ-பெல் தெருவிலிருந்த ஒரு பள்ளிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பினேயின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சோதனையோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கோ இதுதான் கதையின் உயிர்நிலையாகப் படுகிறது. அப்பள்ளியின் தலைமையாசிரியர் வனே என்பவர் வாசிப்பிலும் கணக்கிலும் பிள்ளைகளின் நிலையை அறியத் தாமே அட்டவணைகள் தயாரித்தவர். அவருடைய பள்ளியில் 1905-இல் பினே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். இரண்டாண்டில் பாரிஸில் தனி வகுப்புகள் சில தொடங்கப்பட்டன. 1909 ஏப்ரல் 15-ஆம் நாள் அவற்றுக்கான சட்டமே வந்தது. வகுப்புக்கு 15 அல்லது 20 பேருக்கு மேல் கூடாது என்பது பினேயின் கருத்து.

அவ்வகுப்புகளில் முதல் பாடம் என்ன தெரியுமா? சிலை விளையாட்டு! ஆசிரியர் சைகை காட்டியதும் எல்லாரும் இருந்த நிலையிலேயே அசையாமல் நிற்க வேண்டும். ஓரிடத்தில் நிலைகொள்ளாத பிள்ளைகள். முதல் நாள் ஒரே சிரிப்பும் கும்மாளமும். சில நாட்களில் அதுவே போட்டியாகிவிட்டது. கவனிக்கக் கற்பதற்கு முன்னால், அமைதியாக இருக்கக் கற்க வேண்டும் அல்லவா? அதற்கு அடுத்தது நினைவுப் பயிற்சி. ஓர் அட்டையில் ஒன்பது பொருள்களை ஒட்டி ஐந்து வினாடி காட்டி மறைத்துவிடுவார்கள். பார்த்தவற்றை எழுத வேண்டும். ஒருமுறை வகுப்பைப் பார்வையிட வந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர், நாங்களும் செய்து பார்க்கிறோமே என்று முன்வந்து, அந்தப் 'பின்தங்கிய' பிள்ளைகளிடம் தோற்றுப்போனார்களாம். உறுப்பினர்கள் ஒன்றும் அறிவிலிகள் அல்லர்; பிள்ளைகளுக்குப் பயிற்சி இருந்தது, அவர்களுக்கு இல்லை. கோணிய காலை நேராக்கும் மருத்துவம்போல இது மனத்துக்கான மருத்துவம் என்று பினே கருதினார். ஒருவனுடைய அறிவு மாறாத ஒரு தொகை, அதைக் கூட்டவே முடியாது என்று பேசியவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். அவர் மாணவராக இருந்தபோது ஒரு தேர்வாளர் அவரிடம், உனக்குத் தத்துவ மனம் ஒருநாளும் வாய்க்காது என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல் ஐம்பது வயதிலும் அவருக்கு மறக்கவில்லை.

1911 அக்டோபரில், 54-ஆம் வயதில், பினே காலமானார். அவருக்குப்பின் அளவுகோல் வேறு கைகளுக்குப் போயிற்று.

1912-இல் ஜெர்மானியர் வில்லியம் ஸ்டெர்ன் மன வயதை உண்மையான வயதால் வகுத்தார். 1916-இல் அமெரிக்காவில் டெர்மன் அந்த ஈவை 100-ஆல் பெருக்கி வெளியிட்டார். 'நுண்ணறிவு ஈவு' என்று நம் பாடநூல்கள் சொல்வது இதுதான். என் மருமகன் 120 மாத வயதுடையவன். மன வயது 89 மாதம் என்று கண்டிருந்தார்கள். 89-ஐ 120-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள், 74 வந்துவிடும். (இன்றைய சோதனைகள் பலவற்றில் கணக்கிடும் முறை வேறு.) எண் ஒன்றாகிவிட்டதும் அது மனிதன்மேல் ஒட்டிக்கொண்டது. 'இரண்டாண்டு பின்தங்கியிருக்கிறான், கவனியுங்கள்' என்றால் உதவி செய்யத் தோன்றும். '74' என்றால்? பினேயின் துணைவர் சிமோன் பின்னாளில் இந்த ஈவைத் தங்கள் நோக்கத்துக்கே இழைத்த துரோகம் என்று சொன்னார்.

அமெரிக்காவுக்கு அளவுகோலைக் கொண்டுசென்றவர் காடர்ட் என்பவர். கப்பலில் மூன்றாம் வகுப்பில் வந்திறங்கிய ஏழை அயல்நாட்டார் சிலரை எல்லிஸ் தீவில் சோதித்து, அவர்களில் ஐந்தில் நால்வர் மந்த புத்தியினர் என்று 1917-இல் எழுதினார். அதே ஆண்டு தொடங்கி, முதல் உலகப்போரின்போது, 17 லட்சத்துக்கு மேற்பட்ட படைவீரர்களுக்குக் கூட்டமாகச் சோதனை நடந்தது. எழுத்தறியாதவர்களுக்கென்று படச் சோதனை. படத்தில் எது குறைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு படத்தில் டென்னிஸ் ஆடுகளத்தில் வலை இல்லை. டென்னிஸையே கண்டிராத குடியானவனுக்கு என்ன குறைகிறது என்று எப்படித் தெரியும்?

இதைவிடக் கொடியது ஒன்றும் நடந்தது. வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற இளம்பெண்ணின் மன வயது 9 என்றும், அவளுடைய தாயின் மன வயது 8-க்கும் குறைவு என்றும் பினேயின் அளவுகோலின் அமெரிக்க வடிவத்தைக் கொண்டு கணித்தார்கள். கேரியின் ஏழு மாதக் கைக்குழந்தையைப் பார்த்துவிட்டு, அதுவும் சரியாக இல்லை என்றார்கள். இந்தக் குடும்பம் மேற்கொண்டு பெருகக் கூடாது என்று சொல்லி, கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்தது. நீதிபதிகளில் எண்மர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. அந்தக் கைக்குழந்தை விவியன் வளர்ந்து பள்ளிக்குச் சென்றது. 1931-இல் நன்றாகப் படிப்போர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மறு ஆண்டு, எட்டு வயதில், நோயுற்று இறந்தாள்.

இங்கிலாந்தில் இவ்வளவு கொடுமை இல்லை. ஆனால் வகைப்பெயர்கள் இருந்தன. 1945-இல் அந்நாட்டு அரசாங்கம் குறையுள்ள மாணவர்களை 11 வகைகளாகப் பிரித்தது. 'கல்வியில் இயல்புக்குக் கீழானோர்' என்பது ஒரு வகை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் இவ்வகைப் பள்ளிகளில் அளவுக்கு மீறிச் சேர்க்கப்படுகிறார்கள் என்று பெர்னார்ட் கோர்ட் என்ற ஆசிரியர் 1971-இல் ஒரு சிறு நூல் எழுதினார். அதே தவறு அமெரிக்காவிலும் வெளிப்பட்டது. கலிபோர்னியாவில் மாணவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரே கருப்பினத்தார். தனி வகுப்புகளிலோ அவர்கள் கால்பங்கு. நுண்ணறிவுச் சோதனையைக் கொண்டு கருப்பினப் பிள்ளைகளை அவ்வகுப்புகளில் தள்ளக் கூடாது என்று 1979-இல் நீதிமன்றம் தடுத்தது.

இங்கிலாந்தில் மேரி வார்னாக் என்ற அம்மையாரின் தலைமையில் அமைந்த குழு 1978-இல் அறிக்கை தந்தது. ஐந்தில் ஒரு குழந்தைக்குப் பள்ளி வாழ்வில் ஏதோ ஒரு காலத்தில் தனி உதவி தேவைப்படும் என்று அக்குழு கணக்கிட்டது. அப்படியானால் இது யாரோ சிலரின் சங்கதி அன்று. நாற்பது பேர் வகுப்பில் எட்டுப் பேர்! குழந்தைக்கு என்ன குறை என்று பெயர் சூட்டுவதை விட்டு, அதற்கு என்ன தேவை என்று எழுதுங்கள் என்றது அறிக்கை. 1981-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வகைப்பெயர்களை நீக்கியது. சுற்றி வளைத்து, கிரான்ஷ்-ஓ-பெல் தெருவுக்கே திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டுக்கும் பினே வந்தார். ரைஸ் என்பவர் 1929-இல் இந்துஸ்தானியில் ஒரு வடிவம் வெளியிட்டார். தார்வாரில் காமத் என்ற அறிஞர் கன்னட, மராட்டிக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார். அவர் பெயரோடு சேர்ந்த சோதனைதான் என் மருமகனுக்கும் செய்தது. சாதாரணப் பள்ளியிலேயே இத்தகைய குழந்தைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க மத்திய அரசு 1974-இல் ஒரு திட்டம் தொடங்கியது. 1995-இல் ஒரு சட்டம், 2016-இல் அதைவிட விரிந்த ஒரு சட்டம். பின்னதில் உள்ள 21 வகைகளில், வாசிப்பிலும் எழுத்திலும் வரும் கற்றல் குறைபாடும் இடம்பெற்றது. இவற்றுக்கிடையே 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. இதை அக்காவிடம் சொன்னேன். "சட்டம் இருக்கட்டும்டா, பிள்ளைய வேண்டாங்கிற இடத்துல எப்படி விடுறது?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த அறிக்கையை மறுபடியும் கையில் எடுத்துப் புரட்டினேன். அதற்கு இரண்டாம் பக்கம் ஒன்று இருந்தது. முதல் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் அக்காவும் பார்க்கவில்லை, பள்ளியிலும் எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நான்கே வரிகள். பையனை முன்வரிசையில் உட்கார வைக்கவும். வினாக்களை வாய்விட்டுப் படித்துக் காட்டவும். எழுத அதிக நேரம் தரவும். வாரத்தில் சில மணி நேரம் தனியாக வாசிப்புப் பயிற்சி அளிக்கவும். கீழே சோதித்தவரின் கையெழுத்து.

இப்போது அவன் வீட்டுக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறான். சேர்க்கும்போது அக்கா முதல் பக்கத்தைக் காட்டவில்லை. இரண்டாம் பக்கத்தைத்தான் மேலே வைத்துக் கொடுத்தாள். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியை ஒருவர் வந்து போகிறார். அவர் நம்பி வந்திருக்கும் பள்ளிகளின் எண்ணிக்கையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஆகவே அவர் வராத வாரங்களும் உண்டு. அந்த வாரங்களில் அக்காவே உட்கார்ந்து படித்துக் காட்டுகிறாள். கணக்கில் தேறிவிட்டான், தமிழ் வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான் போகிறது.

தீபாவளிக்கு வந்திருந்தபோது அவனோடு பினேயின் அட்டை விளையாட்டை ஆடினேன். ஒரு தட்டில் சாவி, பென்சில், சோழி, பொத்தான், கத்தரிக்கோல் என்று ஒன்பது பொருள்களை அக்கா வைத்து, ஐந்து வினாடி காட்டி, துண்டால் மூடினாள். அவன் எழுதச் சிரமப்படுவான் என்பதால் இருவரும் அவளுடைய காதில் மாறி மாறிச் சொன்னோம். எனக்கு ஆறு, அவனுக்கு எட்டு.

"மாமா, கத்தரிக்கோல விட்டுட்டீங்களே!" என்றான்.